பதினொன்று முதல் பதினான்கு வரை: வளரும் பிள்ளையோடு பேச்சு அறுந்துபோகாமல் இருக்க ஒரு முழு வழிகாட்டி

ஆறாம் வகுப்பில் சேரும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளை, எட்டாம் வகுப்பு முடிவதற்குள் பள்ளிக்கு ஒரு தெரு முன்னாலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிவிடும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை என்பதால் இந்த மாற்றத்தை வருடா வருடம் பார்க்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மிஸ், முன்னாடியெல்லாம் வந்து உட்கார்ந்து எல்லாத்தையும் சொல்லும். இப்போ எதைக் கேட்டாலும் ஒண்ணுமில்லைங்குது. நாங்க என்ன பண்றது?"

என்ன செய்யலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் பின்னால் நான் வைத்திருக்கும் இலக்கு ஒன்றுதான். பிள்ளைக்கு வெளியில் ஏதாவது தப்பாக நடந்தாலோ, பிள்ளையே ஏதாவது தப்புச் செய்துவிட்டாலோ, அந்தச் செய்தி முதலில் உங்கள் காதுக்கு வர வேண்டும். இந்த வயதில் அது ஒன்று கிடைத்துவிட்டால் மற்றதைச் சரிசெய்துகொள்ளலாம்.

படி 1: உடம்பைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள்

பெண் பிள்ளைகளுக்குப் பூப்பின் மாற்றங்கள் பொதுவாக 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் தொடங்குகின்றன. ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14-க்குள். அதனால்தான் ஏழாம் வகுப்புப் புகைப்படத்தில் பெண் பிள்ளைகள் உயரமாகவும், பக்கத்தில் நிற்கும் பையன்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரியும் தெரிகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் பேச்சு தொடங்குவது மாதவிடாய் வந்த அன்றைக்குத்தான். அதற்குள் அந்தப் பெண் பள்ளிக் கழிப்பறையில் ஒரு மணி நேரம் பயந்துபோய் உட்கார்ந்திருப்பாள்.

மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். ஆகவே மகளுக்கு ஒன்பது, பத்து வயதிலேயே சொல்லிவிடலாம். இரத்தம் வரும், அது காயம் இல்லை, சில நாளில் நின்றுவிடும், முதல் ஒன்றிரண்டு வருடம் நாள் தள்ளியும் முந்தியும் வரும் என்று இந்த அளவு போதும். நாப்கினைக் கையில் கொடுத்து எப்படி வைப்பது என்று காட்டுங்கள். பள்ளிப் பையின் உள் ஜிப்பில் இரண்டு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, ஒரு பழைய செய்தித்தாள், ஒரு கவர் எப்போதும் இருக்கட்டும். அப்பாவும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அம்மா ஊரில் இல்லாத நாளில் கடைக்குப் போய் நாப்கின் வாங்கிக் கொடுக்கிற அப்பா, மகளின் மனதில் ஒரு தனி இடம் பிடித்துவிடுவார்.

மஞ்சள் நீராட்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சொந்தபந்தம் கூடிச் சீர் செய்வதில் மகிழ்ச்சி அடைகிற பெண் பிள்ளைகள் உண்டு. புதுப் பட்டுப் பாவாடையும் மாமன் சீரும் அவர்களுக்கு நல்ல நினைவாகவே தங்கிவிடும். அதே சமயம், தெருமுனையில் தன் படத்தோடு ஃபிளெக்ஸ் வைத்திருப்பதால் ஒரு வாரம் பள்ளிக்கு வர மறுத்த பெண்ணையும் எனக்குத் தெரியும். வகுப்புப் பையன்கள் அந்த ஃபிளெக்ஸை செல்போனில் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "எல்லா வீட்டிலும் செய்றதுதானே" என்று அவள் அம்மாவுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அது அவள் உடம்பு. மண்டபம் பிடிப்பதற்கு முன் மகளிடம் கேளுங்கள்: விழா வேண்டுமா, வீட்டுக்குள்ளேயே போதுமா, யார் யாரைக் கூப்பிடலாம், ஃபிளெக்ஸ் வேண்டுமா. அவள் வேண்டாம் என்று சொன்னால், அத்தையும் மாமாவும் கோபித்துக்கொள்வார்கள் என்ற கவலையை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள், அவள் தலையில் வைக்காதீர்கள். மாதவிடாய் நாளில் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிற வீடுகளில் அதை நிறுத்துவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

மகன்கள் விஷயத்தில் வீடுகள் மொத்தமாகவே வாயை மூடிக்கொள்கின்றன. குரல் உடைவதும் மீசை அரும்புவதும் கேலிக்கு ஆகிறது, அதோடு சரி. தூக்கத்தில் விந்து வெளியேறுவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அந்தப் பையன் பயந்துபோய் இணையத்தில் தேடுவான், அல்லது "நரம்புத் தளர்ச்சி வரும், வாழ்க்கையே போச்சு" என்று மிரட்டி மருந்து விற்கும் இரவு நேர டிவி வைத்தியரின் பேச்சைக் கேட்பான். அது முழுக்க இயல்பானது, அதனால் பலம் குறையாது என்று அப்பாவோ தாய்மாமாவோ இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் அந்தப் பயம் போய்விடும். இன்னொன்று பல பெற்றோருக்கே தெரியாது. இந்த வயதில் நிறையப் பையன்களுக்கு மார்பு லேசாகத் தடித்து, தொட்டால் வலிக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாக வற்றிவிடும். பி.டி. வகுப்பென்றால் வயிற்றுவலி என்று சொல்லி ஒதுங்கும் பையன், நீச்சலுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பையன் என்றால் இதையும் யோசித்துப் பாருங்கள்.

படி 2: முதல் பத்து விநாடியைக் கவனியுங்கள்

பிள்ளை ஒரு கெட்ட செய்தியோடு வருகிறது. "அப்பா, டியூஷன் பீஸ் தொலைஞ்சு போச்சு." அந்த நேரத்தில் "உன்னை நம்பிக் காசு கொடுத்தேன் பாரு" என்று வாய் தானாகவே தொடங்கும். அதற்குப் பதில் "சரி, கடைசியா எங்க பார்த்த?" என்று கேளுங்கள். காசு போனது போனதுதான். அதைப் பற்றிய கண்டிப்பு சாயங்காலம் நிதானமாக நடக்கட்டும். பிள்ளை உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஐநூறு ரூபாய்க்கு வீடு இப்படி அதிர்கிறது என்றால், நாளைக்கு வேன் டிரைவர் தப்பாகத் தொட்டதைச் சொல்லலாமா என்பதை அது அங்கேயே முடிவு செய்துகொள்ளும்.

சொன்னதைக் காப்பாற்றுவதும் இதில்தான் வரும். மகள் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு விஷயத்தை, அன்று ராத்திரியே அம்மா போனில் சித்தியிடம் சிரித்துக்கொண்டே சொல்லுவார். பக்கத்து அறையில் மகள் கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்கப்புறம் அவள் சொல்லமாட்டாள். பிள்ளை நம்பிச் சொன்னது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கோ பாட்டி காதுக்கோ போகக் கூடாது. வேறு பெரியவர் ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டிய ஆபத்தான விஷயம் என்றால், "இதை நான் மிஸ்கிட்ட பேச வேண்டியிருக்கு, உன்னைக் கேட்டுட்டுத்தான் எப்படிச் சொல்றதுன்னு முடிவு பண்ணுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 3: பேச்சுக்கு இடம் கொடுங்கள்

எதிரே உட்கார வைத்து "சொல்லு, என்ன பிரச்சினை?" என்று கேட்டால் இந்த வயதுப் பிள்ளை வாயைத் திறக்காது. கண்ணைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில்தான் பேசும். ஸ்கூட்டரின் பின் இருக்கை, பூண்டு உரிக்கும் நேரம், துணி மடிக்கும் நேரம், ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மொட்டை மாடி. தினமும் கால் மணி நேரம் இப்படி ஒன்று அமைந்தால் போதும், ஆனால் அந்தக் கால் மணியில் படிப்பைப் பற்றிக் கேட்கக் கூடாது.

"ஸ்கூல் எப்படி இருந்தது?" என்றால் "ம்ம்" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு மத்தியானம் யார் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்ட?", "அந்த சயின்ஸ் சார் இன்னும் அதே மாதிரிதான் கத்துறாரா?" என்று குறிப்பாகக் கேட்டால் ஒரு கதை வரும். வந்தால் நடுவில் புத்தி சொல்லாதீர்கள். "அதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்பது வாய் நுனியில் நிற்கும், விழுங்கிவிடுங்கள்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் அப்பாக்கள், வாரத்தில் கிடைக்கும் வீடியோ அழைப்பு நேரம் முழுவதையும் "நல்லா படிக்கிறியா, அம்மா சொல்றதைக் கேட்கிறியா" என்பதிலேயே செலவழித்துவிடுகிறார்கள். மகன் பார்க்கும் கிரிக்கெட் மேட்சை நீங்களும் அங்கே பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் வேலையிடத்தைச் சுற்றிக் காட்டுங்கள். அப்பா என்பவர் மாதம் ஒரு முறை மார்க் கேட்கும் குரலாக மட்டும் ஆகிவிடக் கூடாது.

படி 4: தூக்கம்

13 வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதற்குக் கீழே 9 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பூப்பெய்தும் பருவத்தில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதே இரவில் தாமதமாகிறது, அதனால் ஒன்பதரைக்குப் படுக்கச் சொன்னாலும் தூக்கம் வராது. நம் ஊரிலோ காலை ஏழு மணிக்கு வேன் வந்துவிடும், ராத்திரி எட்டரை வரை டியூஷன். காலையில் எழுந்ததும் சிடுசிடுப்பது பல நேரம் திமிரால் வருவது இல்லை, தூக்கக் கடன்தான். மூன்று டியூஷனில் ஒன்றை நிறுத்தினால் என்ன ஆகிவிடும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். சனி, ஞாயிறு எட்டு மணி வரை தூங்கட்டும், எழுப்பாதீர்கள்.

மகள் எப்போதும் சோர்வாக இருந்தால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் வயிறு புரட்டாது.

படி 5: மார்க்

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் முதல் பொதுத்தேர்வு பத்தாம் வகுப்பில்தான். எட்டாம் வகுப்பு வரை யாரையும் பெயிலாக்குவது இல்லை. ஆகவே ஆறு, ஏழு, எட்டில் வாங்கும் மார்க், எந்தப் பாடம் புரியவில்லை என்று உங்களுக்குத் தெரிவிக்கும் தகவல். காலாண்டில் கணக்கில் 38 வாங்கினால் விடைத்தாளை எடுத்து வைத்துப் பாருங்கள். தப்பு பின்னத்திலா, கேள்வியைப் படிக்காமல் விட்டதிலா, நேரம் போதாததிலா என்று தெரியும். அதைவிட்டுவிட்டு "உன் மாமா பையன் 96" என்று ஆரம்பித்தால், அடுத்த பரீட்சைக்கு உங்கள் கையெழுத்தைப் பிள்ளையே போட்டுக்கொள்ளும். அப்படிப் போட்ட ப்ராக்ரஸ் கார்டுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவை பெரும்பாலும் மார்க் ரொம்ப மோசமாக வாங்கியவர்களுடையவை இல்லை, வீட்டில் ரொம்பப் பயப்படுகிறவர்களுடையவை.

படி 6: செல்போன்

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டுக்குமே அந்த நிறுவனங்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 13. பதினோரு வயதில் இன்ஸ்டாகிராம் கணக்கு இருந்தால் பெரும்பாலும் பிறந்த வருடத்தைப் பொய்யாகப் போட்டிருக்கிறது என்று அர்த்தம், அதனால் சிறார்களுக்கான பாதுகாப்பு அமைப்புகளும் அந்தக் கணக்கில் வேலை செய்யாமல் போகலாம். பதின்மூன்று வரை சொந்த போன் தேவையில்லை என்பது என் கருத்து. வீட்டுப் பாடமே வாட்ஸ்அப்பில் வருகிறது என்றால் அம்மா போனிலேயே வரட்டும்.

போன் கொடுக்கும் நாளில், கொடுப்பதற்கு முன்பே விதிகளைப் பேசி முடித்துவிடுங்கள், பிறகு பேசினால் சண்டைதான். ராத்திரி ஒன்பதரைக்கு எல்லாருடைய போனும் ஹாலில் சார்ஜ் போட வேண்டும், அப்பாவுடையதும் அம்மாவுடையதும் சேர்த்து. சாப்பிடும்போது யாரும் போன் பார்க்கக் கூடாது. புது ஆப் போட வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத்தான். ஆண்ட்ராய்டில் கூகுள் ஃபேமிலி லிங்க் வைத்தால் நேரக் கட்டுப்பாடும் ஆப் அனுமதியும் உங்கள் போனிலிருந்தே கொடுக்கலாம். ஆனால் அதை வைத்திருப்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருட்டுத்தனமாகப் போனைத் திறந்து படிப்பது வெளிப்பட்டால், அதற்கு மேல் உங்களுக்குத் தெரியாத இரண்டாவது கணக்கு ஒன்று பிறக்கும்.

இதில் மிக முக்கியமான பேச்சு ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது நடப்பதே இல்லை. விளையாட்டு ஆப்பிலோ இன்ஸ்டாவிலோ அறிமுகமாகும் ஒருவர், ஒரு படத்தை வாங்கிக்கொண்டு "இன்னும் அனுப்பு, இல்லைன்னா உன் ஃபிரண்ட்ஸுக்கெல்லாம் அனுப்பிடுவேன்" என்று மிரட்டுவது பெண், ஆண் இரண்டு பேருக்கும் நடக்கிறது. பிள்ளையிடம் முன்கூட்டியே, இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்: "நீ என்ன அனுப்பியிருந்தாலும் பரவாயில்லை. எங்ககிட்ட வா. திட்டமாட்டோம். காசு அனுப்பாதே, இன்னொரு படம் அனுப்பாதே, எதையும் டெலிட் பண்ணாதே." அப்படி நடந்துவிட்டால் மிரட்டலின் ஸ்கிரீன்ஷாட்டும் அந்தக் கணக்கின் பெயரும் எடுத்து வைத்துக்கொண்டு, சைபர் குற்ற உதவி எண் 1930-இல் அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-இல் புகார் செய்யுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட யாருக்கு நடந்தாலும் பாலியல் குற்றங்களிலிருந்து சிறாரைக் காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. பிள்ளையின் பெயர் வெளியே வராமல் பாதுகாப்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

நேரில் நடப்பதற்கும் இதே பேச்சுத்தான். தப்பாகத் தொடுகிறவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவராகவே இருப்பார், சில சமயம் சொந்தக்காரராகவும் இருப்பார். "மாமா மடியில் உட்காரு, முத்தம் கொடு" என்று பிள்ளை விருப்பமில்லாமல் நிற்கும்போது வற்புறுத்தாதீர்கள்.

படி 7: நட்பு, காதல், கயிறு

பதின்மூன்று வயதில் சிநேகிதர்கள்தான் உலகம். அவர்களை வீட்டுக்கு வரவழையுங்கள். ஒரு தட்டு பஜ்ஜி போட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலறையிலேயே இருந்தால், யார் எப்படி என்று உங்களுக்குத் தானாகவே புரியும். பிடிக்காத சிநேகிதனைத் திட்டினால் மகன் அவன் பக்கம்தான் சாய்வான். "அவன் உன்கிட்ட கடன் வாங்கிட்டுத் திருப்பித் தரலையே, அது உனக்குச் சரியாப் படுதா?" என்று அவனையே யோசிக்க விடுங்கள்.

ஒரு பையனைப் பிடித்திருக்கிறது, ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பது இந்த வயதில் வரும். அது தெரிந்ததும் போனைப் பிடுங்கி, பள்ளியை மாற்றி, அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சில வாரத்தில் தானாக ஆறியிருக்கும் ஒன்று, அதனால்தான் பிடிவாதமாக மாறியது. பிடித்திருப்பது தப்பில்லை, தனியாகச் சந்திப்பதும் படம் அனுப்புவதும் இப்போது வேண்டாம் என்று எல்லையைச் சொன்னால் போதும்.

மணிக்கட்டைப் பாருங்கள். கோயில் கயிறு என்று நினைத்து விட்டுவிடுகிறோம். சில ஊர்களில் அந்த வண்ணக் கயிறு சாதியைக் காட்டுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, அவருடைய பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் பள்ளியில் இப்படிப்பட்ட கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. பள்ளி கயிற்றை அவிழ்க்கலாம். ஆனால் "அந்தத் தெருப் பசங்களோட சேராதே" என்பதைப் பிள்ளை வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில்தான் கேட்கிறது. அதை நிறுத்த வேண்டியது நாம்.

படி 8: விதிகள் குறைவாக இருக்கட்டும், ஆனால் நிற்கட்டும்

தலைமுடி வெட்டு, அறை ஒழுங்கு, பிடித்த பாட்டு இதிலெல்லாம் விட்டுக்கொடுங்கள். உயிருக்கும் சட்டத்துக்கும் சம்பந்தப்பட்டதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பதின்மூன்று வயதுப் பையனிடம் "கடைக்குத்தானே, பக்கத்துல தானே" என்று ஸ்கூட்டர் சாவியைக் கொடுப்பது அப்படிப்பட்ட ஒன்று. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பிள்ளையிடம் இதை அப்படியே சொல்லுங்கள். காரணம் சொன்ன விதியை இந்த வயதுப் பிள்ளை முணுமுணுத்துக்கொண்டாவது ஏற்றுக்கொள்ளும்.

அடிக்காதீர்கள். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையை அடித்தால், அடிக்குப் பயந்து மறைக்கப் பழகும், இல்லையென்றால் ஒரு நாள் கையைப் பிடித்து நிறுத்தும். தண்டனை தப்போடு தொடர்புள்ளதாக இருக்கட்டும்: ராத்திரி ஒளித்துவைத்துப் போன் பார்த்தால் ஒரு வாரம் போன் கிடையாது, அதோடு முடிந்தது. அடுத்த வாரம் அதைக் குத்திக்காட்டக் கூடாது.

சண்டை வரத்தான் செய்யும். கதவு படாரென்று சாத்தப்படும். அரை மணி நேரம் விட்டுவிட்டு, காபியோ பாலோ கொண்டுபோய் வைத்து, "நான் கத்தினது தப்பு. விஷயத்தை நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லுங்கள். பெற்றோர் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று தாத்தா பாட்டி சொல்லலாம். என் அனுபவத்தில் அந்தப் பிள்ளைகள்தான் வகுப்பில் தாங்களாக வந்து "சாரி மிஸ்" என்கிறார்கள்.

படி 9: எப்போது வெளி உதவி தேட வேண்டும்

இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து சோகம் அல்லது எரிச்சல், சாப்பாட்டிலும் தூக்கத்திலும் பெரிய மாற்றம், பிடித்த விளையாட்டைக்கூட விடுவது, பள்ளிக்குப் போக மறுப்பது, வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை, கையில் கீறல்கள், "நான் இல்லாமப் போனா நல்லது" என்ற பேச்சு. இவற்றில் எதையும் "வயசுக் கோளாறு" என்று தள்ளிவிடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உள்ளே இருப்பது வெளியே வரும். ஆம் என்றால் அன்று தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்து, மாத்திரைகளை எடுத்துப் பூட்டி வையுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். தமிழ்நாட்டில் அரசின் மருத்துவ உதவி எண் 104-உம் இருக்கிறது. மாணவர்களுக்கான பள்ளிக்கல்வித் துறையின் எண் 14417. இந்த எண்களை ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள், பிள்ளை உங்களைக் கேட்காமலேயே அழைக்கலாம் என்றும் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, வெளிநோயாளியாகக் காட்டலாம்.

முதல் தடவை கூட்டிப்போகும்போது எங்கே போகிறோம் என்று பொய் சொல்லாதீர்கள். "உனக்கு மனசு கஷ்டமா இருக்கு, அதைச் சரிபண்ணத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட போறோம். நீ தனியா பேசணும்னா நான் வெளியே உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். டாக்டர் உங்களை வெளியே இருக்கச் சொன்னால் எழுந்து போய் உட்காருங்கள். திரும்பி வரும் வழியில், உள்ளே என்ன பேசினாய் என்று கேட்க வேண்டாம்.